செல் வளர்க்கிறவள்

வில்லியனூர் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே காலை வெயில் கட்டிலில் விழுகிறது. அம்மணிக்குப் பிரசவமாகிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது; பக்கத்தில் மகள் கையை இறுக மடக்கிக்கொண்டு தூங்குகிறாள். எதிரே, புதுச்சேரி லேபிலிருந்து வந்த விஜயகுமாரி மடியில் ஐஸ் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். "தொப்புள்கொடியக் குடுத்தீங்கன்னா, அதுலேர்ந்து செல் எடுத்து வளப்போம்." அம்மணியின் கணவன் ஏகநாதன் விழிக்கிறான். "செல்லா? எங்க வூட்டு உத்தரம் பூரா அதான் அரிக்குது. அதப் போயி இன்னாத்துக்கு வளக்கறீங்க?" சிரித்தால் வயிறு இழுக்கிறது, இருந்தும் அம்மணி சிரிக்கிறாள். விஜயகுமாரியின் சிரிப்பில் டப்பா மூடி கடகடக்கிறது. "அந்தச் செல் இல்லண்ணா. நம்ம உடம்பே கண்ணுக்குத் தெரியாத செல்லாலதான் ஆயிருக்குது. புது மருந்த முதல்ல அதுமேல ஊத்திப் பாப்போம். அது வாடிப்போச்சுன்னா, அந்த மருந்து யார் வாய்க்கும் போவாது." ஏகநாதன் தலையைச் சொறிகிறான், கொடியைத் தென்னையடியில் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். அம்மணியின் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. போன வருஷம் ஏதோ ஒரு மாத்திரையால் பூசணிக்காயாக வீங்கிய கன்னம். "குடுத்துடுய்யா" என்கிறாள். டப்பா சைக்கிள் கேரியரில் ஏறிப் போகிறது. அது தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த ஏகநாதன், மகளின் காதருகே குனிகிறான். "இன்னும் கண்ணே தொறக்கல, அதுக்குள்ள வேலைக்குப் போயிட்டியேடி!"