போன் வேண்டாத பெட்டி

போன் வேண்டாம் என்று பிரேமலா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

மணியம் விடுவதாக இல்லை. கம்பி இழுத்து இணைப்பு எடுத்தால் வேகம் கூடுதல், கூடவே ஒரு போனும் இலவசம். பதினான்கு வருடமாகச் சிகாமட் வட்டாரத்தில் வீடு வீடாக இணைய இணைப்பு விற்கிறான். இலவசத்தை வேண்டாம் என்ற ஆளை இதுவரை பார்த்ததில்லை. வலிய வந்த சீதேவியை வாசலோடு திருப்பி அனுப்புகிறாளே என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"இருக்கிற ஒரு போனே போதும்ணே," என்றாள் அவள்.

கம்பி இழுக்க ஏணியோடு ஆள் வந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும் என்றும் சொன்னாள். சுவிட்சில் சொருகினால் கம்பியில்லாமல் வேலை செய்கிற இணையப் பெட்டியே போதுமாம்.

சாஆ ஊர்க் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறை அது. பத்து மேசை, ஒரு வெள்ளைப் பலகை. திங்கட்கிழமை டியூஷன் ஆரம்பம். காலையில் பெக்கோக், காஹாங் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாக. பிற்பகலில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நேரில்.

அந்த 'ஒரு போனை' மணியம் நேற்றே பார்த்திருந்தான்.

அவள் வீட்டுக் கூடத்தில் அவன் உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று. சுவர்க் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. கூடவே போனும் அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். கடிகாரம் அடித்து முடிக்கும்வரை ரிசீவரை அதன் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, வீட்டில்தான் இருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இதைப் பார்த்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அவளே சொன்னாள்.

கணவன் சுகுமாறன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை சூப்பர்வைசர். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். மற்ற நாட்களில் பதினொன்றுக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை வீட்டுப் போனில் கூப்பிடுவான். கைபேசியில் எங்கிருந்து வேண்டுமானாலும் பேசலாம் என்பதால் அதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. கடிகாரம் அவன் வாங்கித் தந்த கல்யாண நாள் பரிசு. கல்யாணத்துக்கு முன் அவள் தற்காலிக ஆசிரியை. அந்த வேலையை நிறுத்தியதும் அவன்தான். டியூஷன் விஷயம் காதில் விழுந்தால் அன்றைக்கே இந்த அறைக்குப் பூட்டு.

போதாததற்கு, ஒரு தைப்பூசத்தன்று அவளைக் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்ய வைத்திருந்தான். வீட்டில் இல்லாத நேரத்தில் வீட்டில் இருப்பதாகச் சொல்லக் கூடாது. அவன் ஏச்சுக்கு அவள் பயந்தவள் இல்லை. கற்பூரத்துக்குப் பயந்தாள்.

மணியத்துக்குப் பாவமாக இருந்தது. பாவப்படுவதற்குக் கமிஷன் கிடையாது என்பதால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டான்.

கிளம்பும்போது, வீட்டுப் போனுக்கு வருவதைக் கைபேசிக்குத் திருப்பிவிட வழி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான். அமுக்க வேண்டிய எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தான். போனைத் திருப்பிவிடலாம், சத்தியத்தை எங்கே திருப்பிவிடுவாள் என்று மோட்டார் சைக்கிளில் போகும்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

இன்று பெட்டியை ஜன்னலோரம் வைத்ததும் சிக்னல் நன்றாகவே வந்தது. அவன் தன் கைபேசியில் இணைப்புக்கான மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு மேசைமேல் ஏறி, சுவரில் ஆணி அடித்து, என்னவோ மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு காலி அட்டைப்பெட்டி கிடந்தது.

இணைப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான். சிலர் பிள்ளை பெயர் வைப்பார்கள். சிலர் கார் நம்பர். பந்து விளையாட்டுப் பைத்தியங்கள் குழுவின் பெயர்.

அவள் மேசையிலிருந்து இறங்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு, பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல நிதானமாக யோசித்தாள்.

"வீடு," என்றாள்.

டியூஷன் நடத்துகிற இடத்துக்கு இப்படியொரு பெயரா? மணியத்துக்குச் சிரிப்பு வந்தது. வாங்குகிறவர்கள் இஷ்டம். அப்படியே தட்டினான்.

அவள் தன் கைபேசியை அந்த இணைப்பில் சேர்த்தாள். சேர்ந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டாள். கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தது. போய் ஜன்னலைச் சாத்தினாள்.

சுவரில் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது.

மணியம் நிமிர்ந்து பார்த்தான். நேற்று அவள் வீட்டுக் கூடத்தில் பார்த்த அதே மாதிரிக் கடிகாரம். அதே மரச் சட்டம், அதே சத்தம். இது புதிது, விலைச் சீட்டுகூட இன்னும் பிய்க்கப்படவில்லை.

அவள் கைபேசியும் அடித்தது.

எடுத்தாள். பதினோரு அடியும் ஓயும்வரை அதைக் கடிகாரத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். மணியம் அவளையே பார்த்தான். இனி அவள் பொய் சொல்லியாக வேண்டும். சொல்ல மாட்டாள். அறை போயிற்று.

அவள் கைபேசியைக் காதில் வைத்தாள்.

"வீட்டுலதான் இருக்கேங்க."

குரலில் துளி நடுக்கம் இல்லை.

மணியம் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தான். வீடு என்ற பெயருக்குக் கீழே, ஒருவர் உள்ளே இருப்பதாகக் காட்டியது.