எதிர்க்கடைக்கு விழுந்த இதயம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கைபேசி இந்த நிமிடமே செத்துப்போகட்டும்.

ஸ்வீடனில், உமியோ நகரில் ரொட்டிக்கடை வைத்திருந்த யோவாக்கிமுக்கு எதிர்க்கடை உல்ரிகாவை நினைத்தாலே வயிறு எரிந்தது. அவள் தன் ஏலக்காய் ரொட்டியைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடப் போட, இவன் கடைக் கூட்டம் சாலையைத் தாண்டி அங்கே போய்க்கொண்டிருந்தது.

“எப்பப் பாத்தாலும் அவ படத்தையே ஏன் வெறிச்சுப் பாக்குறே?” என்றாள் மனைவி குனில்லா.

“குறை தேடுறேன். ஒண்ணு விடாம பெரிசாக்கிப் பாத்துட்டேன். ஒரு தீய்ஞ்ச ஓரம்கூட சிக்க மாட்டேங்குது!”

கதவு திறந்தது. கூடை நிறைய ரொட்டியோடு உல்ரிகா நின்றாள்.

“நன்றி சொல்ல வந்தேன், யோவாக்கிம். நான் போடுற எல்லாப் படத்துக்கும் ‘பிடிச்சிருக்கு’ன்னு முதல் இதயம் உங்க கடைப் பேர்லதான் விழுது. ‘எதிர்க்கடைக்காரனே சொக்கிப்போறான்னா சும்மாவா’ன்னு ஊரே என்கிட்ட வருது!”

அவள் கூடையை வைத்துவிட்டுப் போனதும் குனில்லா மெதுவாகக் கேட்டாள். “படத்தை எப்படிப் பெரிசாக்கினே?”

“விரலால ரெண்டு தடவை தட்டி.”

“அட மக்கு! ரெண்டு தடவை தட்டினா இதயம்தான் விழும்!”

யோவாக்கிம் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான். பாழாய்ப்போனது, ருசியாகத்தான் இருந்தது.

அத்தனையும் சத்தியம். கைபேசி என்று ஒன்றை மட்டும் நான் இதுவரை வைத்துக்கொண்டதில்லை.