பத்துக்கு ஒன்றரை

“அந்த கேமுக்கு பத்துக்கு ஒன்றரை மார்க் போட்ட அண்ணன் நீதான?”

ஷீலா இப்படிக் கேட்டதும் விஷாலுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து கடப்பாக்கத்துக்கு மீன் வாங்க வந்தவன் அவன். படகு வருவதற்காக ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் மீன் வியாபாரப் பெண், தன் யூடியூப் சேனலைப் பார்ப்பாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அவள் கையில் அதே கேம். கைக்குள் அடங்கும் கன்சோலில், எதிரே வருபவனையெல்லாம் வாளால் வெட்டிக்கொண்டே போகும் கேம்.

போன வருடம் அதை விஷால் கிழி கிழியென்று கிழித்திருந்தான். ஒரே காடு, ஒரே பாலம், முடிவில் ஒரே கொம்பு வைத்த பூதம். பதினோரு தடவை அதே பூதத்தை வெட்டிக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம், இதைச் செய்தவன் தூங்கிக்கொண்டே செய்திருப்பான் என்றான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவனை ஒரு விமர்சகன் என்று நாலு பேர் மதித்தார்கள்.

“உனுக்குப் புடிக்கல, அது வேற. ஆனா அப்பால முச்சூடும் ஆடிப் பாத்திருப்பதான? இந்த கப்பல்ல நிக்கிற ஒத்தக்கண்ணன எப்டிண்ணா தாண்டுன? மூணு நாளா பேஜாரா கீது.”

கேட்டுக்கொண்டே கன்சோலை அவன் கையில் திணித்தாள்.

திரையில் மழை. ஆடுகிற கப்பல். அதன் மேல் ஒற்றைக்கண் மாலுமி ஒருவன். விஷால் இவனை ஜென்மத்தில் பார்த்ததில்லை.

இரண்டே நொடியில் மாலுமி அவனைத் தீர்த்துக்கட்டினான்.

இது வேறு ஏதோ கேம், அவளை யாரோ நன்றாக ஏமாற்றி விற்றிருக்கிறார்கள் என்று விஷால் நினைத்தான். அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தான்.

ஷீலா சட்டென்று கையை நீட்டினாள். கன்சோலை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

காடு வந்தது. பாலம் வந்தது. கொம்பு வைத்த பூதமும் வந்தது. விஷாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பூதம் சாய்ந்ததும் ஷீலா வெட்டுகிற பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

திரையில் இங்கிலீஷில் இரண்டு வரிகள். மேலே ‘மறுபடியும்’. கீழே ‘அடுத்தது’. அவள் கீழ் வரிக்கு இறங்கி அமுக்கினாள். காடு மறைந்து பனிமலை வந்தது.

விஷால் ஒருநாளும் கட்டைவிரலை எடுத்ததே இல்லை. கேமராவைப் பார்த்துக் கிண்டலடித்தபடி அந்தப் பட்டனைப் போட்டு அமுக்கிக்கொண்டே இருந்தான். வரியைத் தேர்ந்தெடுக்கவும் அதே பட்டன்தான். பூதம் செத்த மறுநொடியே மேல் வரி விழுந்து, முதல் காடே திரும்ப வந்திருக்கிறது. பதினோரு தடவையும்.

மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஷீலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“எப்பவோ ஆடினது. மறந்துபோச்சு,” என்றான். சொன்ன வாய் கூசியது.

அவள் அதை அப்படியே நம்பினாள். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

“நானும் மொதல்ல அந்த பூதத்தையே வெட்டிகினு கெடந்தேண்ணா. அப்பால நீ ஒரு லெட்டர் படிச்சியே, அந்த வீடியோ பாத்துதான் கீழ அமுக்கணும்னு தெரிஞ்சிகினேன்.”

அந்தக் கடிதத்தை எழுதியவர் கேமைச் செய்த மனிதர். தனி ஆள். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூதம் விழுந்ததும் விரலை எடுத்துவிட்டு, தயவுசெய்து கீழ் வரியை அமுக்கிப் பாருங்கள் என்று இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார்.

மார்க் போதவில்லை என்று அழுகிறார் பாருங்கள் என்று சொல்லி, மூக்கைச் சிந்துகிற குரலில் விஷால் அதை ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டினான். ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். கமெண்டில் வந்த சிரிப்புப் பொம்மைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான்.

தான் படிப்பது என்னவென்று அவன் காதில் வாங்கவே இல்லை.