திருகாணிக்கு மேல் ஒரு பல்

"அம்மா, நீ மட்டும் ஏன் கொய்யாவை நறுக்கித் திங்கிற?" என்று மகள் கேட்ட அன்றுதான் அமலி முன்பல் கட்ட முடிவுசெய்தாள். தனியார் மருத்துவமனையில் நாற்பதாயிரம். பல் மருத்துவக் கல்லூரியில் பாதி. தமயந்தி என்ற மாணவி தன் தேர்வுக்காக அமலியின் தாடையில் திருகாணி வைத்தாள். மூன்று மாதம் கழித்து அதன்மேல் பல் பொருத்தப் போனபோது, தமயந்தி தேறி ஊருக்குப் போயிருந்தாள்.

"அவங்க கேஸைத் தொட்டா எங்களுக்கு மார்க் கிடையாதுக்கா," என்றார்கள் மற்ற மாணவர்கள்.

பல் இடைவெளியில் திருகாணி மட்டும் தெரிய, தெருவில் அமலிக்கு 'ஆணியக்கா' என்று பெயராயிற்று.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமயந்தி போன் செய்து தன் ஊருக்குக் கூப்பிட்டாள். விடுமுறையில் ஆளில்லாத தன் கிளினிக்கில் பல்லைப் பொருத்தினாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

அமலியின் வாய் நிறையப் பஞ்சு. பையிலிருந்த இரண்டு கொய்யாவில் பெரியதை எடுத்துத் தமயந்தியின் மேசையில் வைத்தாள்.