காலியெனக் காட்டப்பட்ட வீடு

பதினேழாம் மாடி வீட்டின் வாயிலில், அடுக்ககக் கம்பெனியின் கணக்காளர் பிரசன்னகுமார் கைத்திரையை நீட்டினார்.

"இந்தக் காலாண்டு அறிக்கையில உங்க வீட்டைக் காலின்னு காட்டியிருக்கோம்மா. கையெழுத்துப் போட்டுடுங்க."

"நான் இங்கதானே நிக்கிறேன்?" என்றாள் அபிராமவல்லி.

"கணக்குக் கொள்கை அப்படிம்மா. கதவுக் கைப்பிடி உங்க நாடியைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடு. மார்கழியைத் தாண்ட மாட்டீங்களாம்."

நாளொன்றுக்கு ஒன்றென ஆயிரம் பதிகம் பாடுவதாக ஈசனுக்கு நேர்ந்துகொண்டது நினைவில் எழ, நிமிர்ந்தாள்.

"எழுநூறு பதிகம் பாக்கியிருக்குப்பா. முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். உங்க கொள்கையைத் திருத்திக்கோங்க."

"ஆடிட்டர் ஒத்துக்க மாட்டாரும்மா."

"அவரையும் கூட்டிட்டு வா. தாளம் போட ஆள் வேணும்."

கையெழுத்திடாமலே கதவை விரியத் திறந்துவைத்து, அன்றைய பதிகத்தை அடுக்ககம் அதிரப் பாடத் தொடங்கினாள்.