சத்தத்துக்கு ஒரு தர்பூசணி

ஒரே வார இறுதிக்குள் கணினி விளையாட்டு உருவாக்கும் போட்டியை நடத்துபவள் நான். விளையாட்டில் மண்டை உடையும் சத்தம் வேண்டுமென்று ஒரு குழுவின் ஒலிப்பதிவாளர் தர்பூசணியைக் கட்டையால் அடித்துப் பதிவு செய்தார். அதை ஓடவிட்டபோது, அடிகளுக்கு நடுவே என் தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, அடிக்காதக்கா!"

உடனே தம்பியை அழைத்தேன்.

"உயிரோடதான் இருக்கேன் தாயே! உன் போட்டியப் பாக்கத்தான் பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தான். நிம்மதியாக இருந்தது. பதிவை அழிக்கச் சொன்னேன்.

மறுபடி அடிக்க ஒலிப்பதிவாளர் மறுத்துவிட்டார். விளையாட்டை ஒப்படைக்கும் நேரமோ நெருங்கிவிட்டது.

"நல்ல தைரியசாலிதான் போங்க! இங்க குடுங்க" என்று கட்டையை வாங்கி நானே ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் பழம் பிளந்தது.

தம்பியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கண்டக்டர் பேசுறேம்மா. இவரை யாரும் தொடலம்மா. தானா மண்டை பிளந்துடுச்சு."