நடப்போர் தெரு

தெருமுனையில் நாற்காலி போட்டு, நடப்பவர், வண்டியில் போகிறவர் என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆளை அஞ்சுகம் நம்பவே இல்லை. அவள் வீட்டுப் படி ரோட்டுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி நிறைய ஓடுதுன்னு எழுதுனா ரோட்ட அகலமாக்க வீட்ட இடிச்சிருவாங்க. அந்த ஆள் எண்ணுற மூணு நாளைக்கும் யாரும் வண்டி ஏறாதீங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தாள். தெருவே நடந்தது. மினிபஸ் காலியாகப் போனது. முழங்கால் வலியில் இடதுகாலை இழுத்து இழுத்து அவளும் நடந்தாள்.

"இப்படி நடக்குற தெருவ நான் பார்த்ததே இல்லக்கா" என்று அந்த ஆள் நாற்காலியை மடக்கினார்.

அடுத்த மாதம் படி அப்படியே இருந்தது. மினிபஸ்தான் வரவில்லை. அது நிற்கும் இடத்தில் 'நடப்போர் தெரு' என்று எழுதி, இரண்டு பாதங்கள் வரைந்த பலகையை நட்டிருந்தார்கள். இடது பாதம் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது.